ஏழாம் தொட்டி

அத்தியாயம் 9

செத்தது எத்தனை என்று திருக்குமரன் கேட்டபோது பிரமிளாவால் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை.

“கிலோவுலதான் சார் சொல்ல முடியும். ஒரு தொட்டிக்குப் பதினஞ்சு கிலோ. ஆறு தொட்டி.”

“தொண்ணூறு கிலோ,” என்றாள் காளியம்மா. “நானும் கிட்டத்தட்ட அதே வெயிட்டுதான். அப்போ இது கொலை கேஸுதான் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அதைப் பொருட்படுத்துகிறவள் அல்ல காளியம்மா. ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் ஓடிய பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்தவள். சிரிக்காத முகங்களுக்கு டிக்கெட் கிழித்துப் பழகியவள். பஸ் கம்பெனியை மூடிய பிறகு துப்பறிவாளர் திருக்குமரனிடம் சேர்ந்தாள். கார் ஓட்டுவது, ஃபைல் தூக்குவது எல்லாம் வேலை. அவருக்கும் சேர்த்துப் பேசுவது வேலையில் சேராது. ஆனால் அதைத்தான் அதிகம் செய்தாள்.

அவர்கள் நின்றது ஒரு பழைய எஸ்டேட்டின் பால் ஸ்டோரில். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து முப்பது வருடம் இருக்கும். அந்தக் காலத்தில் ரப்பர் பாலை உறைய வைத்த சிமெண்டுத் தொட்டிகள் ஏழு மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றில் பிரமிளா மண்புழு வளர்த்தாள். ஈப்போவில் மூன்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். தினமும் காலையில் அங்கிருந்து மிச்சச் சோறும் காய்கறித் தோலும் சாப்பிட்டு மடித்த இலைகளும் நீலப் பீப்பாய்களில் லோரி ஏறி வரும். இலையை நறுக்கி, சோற்றோடு பிசறி, தொட்டியில் மெல்லிசாகப் பரப்பினால் புழுக்கள் தின்று கறுப்பு உரமாக்கிவிடும்.

இன்று நான்காவது நாளாகப் பீப்பாய்கள் வாசலில் நின்றன. தின்ன ஆள் இல்லை.

“எனக்குத் துப்பறிய ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் பிரமிளா. முப்பத்து நாலு வயது. கண்ணில் தூக்கமில்லை. “யாருன்னு எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்குப் போலீஸ்ல ரிப்போர்ட் கொடுக்கப் போறேன். அப்பாதான் அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுன்னாரு.”

“யாரு?”

“சன்னாசி அண்ணன். ரெண்டு வருஷமா எங்கிட்ட வேலை செய்யிறவரு. ஏழு தொட்டிக்கும் ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி. ஆறு செத்துப்போச்சு. ஏழாவது மட்டும் கொழுத்துக் கெடக்கு. ஏழாவது தொட்டி அவரு பொறுப்பு. போன வாரம்தான் அவருக்கும் எனக்கும் சண்டை. பழைய எஸ்டேட் தண்டல் மாதிரி வேலையாளுங்களை வெரட்டாதேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு.”

“ஏழு பேர் ஒரே விருந்துல உக்காந்து ஆறு பேர் செத்துட்டா, எழுந்து வந்தவன்தான் சமையல்காரன்னு சொல்றே,” என்றாள் காளியம்மா.

“வேற எப்படிக்கா சொல்றது? எல்லார் முன்னாடியும் கேட்டேன். விஷம் வச்சீங்களான்னு. வாயே திறக்கல. வைக்காதவர் வைக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானேலா?”

திருக்குமரன் மணியைப் பார்த்தார். இரண்டே கால்.

அந்த ஊருக்கு வரக்கூடாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் இதே எஸ்டேட்டில் ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு. ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடந்த கயிற்றை வைத்து ராமையா என்ற கிழவரை அவர் கைகாட்டினார். ராமையா ஓர் இரவு லாக்கப்பில் இருந்தார். மறுநாள் உண்மையான திருடன் தாப்பாவில் ஆடுகளோடு பிடிபட்டான். கயிறு அவன் ஓடும்போது வீசியது. போன மாதம் திருக்குமரன் தனியாக ராமையாவைப் பார்க்கப் போனார். ஒரு மூட்டை தவிடு, மாட்டுக்கு வேண்டிய வேறு ஒன்றிரண்டு சாமான். கொடுத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்தார். அந்தத் திரும்பி வந்த வழி இன்னும் அவருக்குள் நீண்டுகொண்டே இருந்தது.

அவர் முதல் தொட்டியின் ஓரத்தில் குந்தினார். சட்டைக் கையை மடித்து விரல்களை உள்ளே விட்டார்.

மேலே சோறு. இலைத்துண்டு. கேரட் தோல். எதுவும் கடிபடவில்லை. அடியில், வைக்கோல் நார் கலந்த சாணிப் படுக்கையில், நூல் நூலாகப் புழுக்கள். செத்து வெளுத்திருந்தன.

“காளியம்மா. சாப்பாட்டுல விஷம் இருந்தா எங்க கெடக்கும்?”

“பந்தியில உக்காந்தவன் பந்தியிலயே சாய்வான் சார்.” அவளும் எட்டிப் பார்த்தாள். “இதுங்க பாயில படுத்தபடியே போயிருக்குங்க. பந்திக்கே வரல.”

“அப்போ சாப்பாடு காரணம் இல்ல.”

“கடைக்காரங்க மூணு பேரும் தப்பிச்சாங்க. நான் வேற அந்தச் சாம்பாரை ரொம்ப நாளா சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

ஏழாம் தொட்டிக்கு நடந்தார்கள். பிரமிளா சொன்னது உண்மைதான். கையை விட்டதும் விரல்களுக்கு இடையே வழுவழுவென்று உயிர் ஓடியது. திருக்குமரன் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிரித்தார். வைக்கோல் நார் இல்லை. சாணியின் வாசம் இல்லை. ஊறிப்போன, சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ். அதில் ஒரு துண்டு மட்டும் இன்னும் கரையாமல், கிண்ணம்போல் குழிந்திருந்தது.

காளியம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்தாள். “முட்டைத் தட்டு சார். முப்பது முட்டை அடுக்குவாங்களே, அது.”

“ஏழு தொட்டிக்கும் அடியில சாணிதானே போடுவீங்க?” என்று கேட்டார் திருக்குமரன்.

“ஆமா சார். ராமையா தாத்தா கொட்டகையில அள்ளிட்டு வந்து ஆறப்போடுவோம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் ஏழையும் காலி பண்ணிப் புதுசா போட்டோம். ஆறு தொட்டிக்கு நானும் இங்க வேலை செய்யிற ரெண்டு அக்காங்களும் போட்டோம். ஏழாவதுக்கு நானே அள்ளிட்டு வந்து போட்டுக்கிறேன்னு சன்னாசி அண்ணன் சொன்னாரு. போட்டாச்சுன்னாரு.”

ராமையா என்ற பெயர் வந்ததும் காளியம்மா அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். அந்தப் பெயர் அவரை உறுத்துவது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

*

சன்னாசி பின்பக்கம், ரம்புத்தான் மரத்தடியில், கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய, ஒடிசலான மனிதர். முழங்கை வரை உரம் காய்ந்து ஒட்டியிருந்தது. போலீஸ் வரும் என்று தெரிந்தும் அவர் வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

திருக்குமரன் எதிரே இன்னொரு பீப்பாயில் உட்கார்ந்தார். முட்டைத் தட்டுத் துண்டை இருவருக்கும் நடுவே தரையில் வைத்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஒரு லோரி தூரத்துச் சாலையில் போனது. ஒரு கோழி வந்து அந்தத் துண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

“அண்ணே,” என்றாள் காளியம்மா, “இவரு இப்படியே இருட்டுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. இவரு மாதிரி சிலோன்காரங்க வாயைத் திறக்கறதுக்குக்கூட பர்மிட் எடுப்பாங்க. எனக்கு மூட்டு வலி. என்னை நெனச்சாவது பேசுங்க.”

சன்னாசியின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

“சாணி போடல,” என்றார். “முட்டைத் தட்டை ஊற வச்சுப் பிச்சுப் போட்டேன். புழுவுக்கு அதுவும் மெத்தைதான்.”

“ஏன்?”

“ராமையா வாசலை மிதிக்க மாட்டேன்.” “எனக்கு மச்சான். என் தங்கச்சியைக் கட்டுனவரு. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி அவ போயிட்டா. நான் அப்போ ஜொகூர்ல. பொறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனேன். அண்ணன்காரன் சேலை போர்த்தாம பொம்பளையை எடுக்கக் கூடாது, இல்லியா? வழியில பஸ் ரிப்பேரு. போன் பண்ணி, மச்சான், ஒரு மணி நேரம் பொறுங்கன்னேன். மழை வருதுன்னு எடுத்துட்டாங்க. நான் சேலையைக் கையில வச்சுக்கிட்டு சுடுகாட்டு கேட்டுல நின்னேன்.”



“இதைப் பிரமிளாகிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார் திருக்குமரன். “உங்க மேல பழி வராது.”

“என் மேல வராது. மச்சான் மேல போயிரும்.” சன்னாசி முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார். “ஆறு தொட்டியில சாணி, ஆறும் செத்துச்சு. என்னோடதுல சாணி இல்ல, பொழைச்சுது. அதைச் சொன்னா என்ன அர்த்தம்? சாணியில கோளாறுன்னுதானே? எனக்கும் அவருக்கும் ஆகாது, அது வேற. ஏற்கெனவே எவனோ ஒரு புண்ணியவான் கை காட்டி, அந்த மனுஷன் ஒரு ராத்திரி லாக்கப்புல குந்தியிருந்தாரு. வெளிய வந்து ஒரு வாரம் சோறு எறங்கல. மறுபடியும் நான் அவரைக் கொண்டுபோய்க் காட்டணுமா?”

எவனோ ஒரு புண்ணியவான். திருக்குமரன் தரையைப் பார்த்தார். கோழி கொத்திய இடத்தில் அந்தத் துண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நேரம் வந்தது, நின்றது, போய்விட்டது.

“வாங்க சார்,” என்று காளியம்மாதான் எழுந்தாள். “மணி மூணாச்சு.”

*

தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் கடைசியில் ராமையாவின் கொட்டகை. நடக்க ஐந்து நிமிடம். மனதைத் தயார்செய்ய அந்த நேரம் திருக்குமரனுக்குப் போதவில்லை.

“சார், ஒண்ணு சொல்லட்டா?” என்றாள் காளியம்மா. “கிழவர் புழுவுக்கு விஷம் வைக்கிற ஆள் இல்ல. அவரு எறும்பைக் கூட சுத்திப் போவாரு.”

“தெரியும்.”

“அப்போ எதுக்குப் போறோம்?”

“அவரு இல்லைன்னு இந்தத் தடவை முதல்லயே தெரிஞ்சுக்கணும்.”

ராமையா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். திருக்குமரனைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது. லாக்கப் வாசலிலும் அப்படித்தான் நின்றது. பிறகு வாளியை வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க சார். வாம்மா. உக்காருங்க, கோப்பி கலக்கச் சொல்றேன்.”

“வேணாம் தாத்தா,” என்றாள் காளியம்மா. அவள் கண் மாடுகளின் மேல் இருந்தது. நான்கு மாடுகள். ரோமம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. “என்ன இது, மாடெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்கு? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எலும்பை எண்ணலாம் போல இருந்துச்சே.”

ராமையாவின் முகம் மலர்ந்தது. “எல்லாம் சார் புண்ணியம்மா. அவரு போன மாசம் வந்தாருல்ல. தவிடு கொடுத்தாரு. கூடவே அந்த வெள்ளை மருந்து பாட்டில். பூச்சி மருந்து. சார் போன மறுநாளே மூங்கில் குழாயில ஊத்தி நாலுக்கும் கொடுத்தேன். வயித்துல இருந்த புழு அத்தனையும் சாணியோட விழுந்துருச்சு. அன்னைக்குப் பிடிச்சு தின்னு தின்னுன்னு தின்னுதுங்க.”

காற்று நின்றுவிட்டதுபோல் இருந்தது. நிற்கவில்லை. செம்பனை ஓலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

“பிரமிளா சாணி அள்ளுனது எப்போ?” என்றார் திருக்குமரன்.

“அந்த வாரம்தான். நல்லா அள்ளிட்டுப் போங்கன்னேன். எம்புட்டு சாணி அந்த வாரம்!” சொல்லிக்கொண்டே வந்தவர் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினார். “ஏன் சார்? பாலைத்தான் அஞ்சு நாளைக்கு யாருக்கும் கொடுக்காதீங்கன்னு சொன்னீங்க. ஒரு சொட்டு கொடுக்கல, கீழதான் கொட்டுனேன். சாணியைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

சொல்லவில்லை. ஈப்போவில் மருந்துக் கடைக்காரன் பாலைப் பற்றிச் சொன்னான், அவர் அதை அப்படியே கொண்டுவந்து சொன்னார். சாணியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சோறு தின்கிறவர், அன்றைக்குச் சீக்கிரம் கொடுத்துவிட்டு, சீக்கிரம் மன்னிக்கப்பட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் நினைத்தார். மாட்டின் வயிற்றுப் புழுவைக் கொன்ற மருந்து சாணியோடு வெளியே வந்து, பால் ஸ்டோருக்குப் போய், ஆறு தொட்டிகளின் அடியில் மெத்தையாக விரிந்து கிடந்திருக்கிறது.

காளியம்மாவிடம் அப்போது ஒரு நகைச்சுவையும் இல்லை.

“ராமையா அண்ணே,” என்றார் திருக்குமரன். “போன மாசம் நான் வந்தது மாட்டைப் பார்க்க இல்ல. உங்களை லாக்கப்புல வச்சதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். கேக்காமப் போயிட்டேன். இப்போ கேக்குறேன்.”

ராமையா மாட்டின் முதுகில் கையை வைத்தார்.

“தெரியும் சார்,” என்றார். “அன்னைக்கே நீங்க கேட்டிருந்தா நான் ஒரு வார்த்தை திட்டியிருப்பேன். இப்போ மாடு தேறிருச்சு. எப்படித் திட்டுறது?”

*

திரும்பும் வழியில் பாதி தூரம் நடந்தார்கள். காளியம்மா நின்றாள்.

“சார். இது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கிழவருக்கே முழுசா புரியல. வேற வழி இருக்கு. ஏதோ ஒரு கடையில தரை கழுவுற மருந்து பீப்பாயில கொட்டிருச்சுன்னு சொன்னா பிரமிளா நம்புவா. சன்னாசியும் தப்பிப்பாரு, ராமையாவும் தப்பிப்பாரு.”

“கடைக்காரன்?”

“அவன் மூணு பேருல ஒருத்தன்லா. மூணு பேர் தோள்ல பிரிச்சா பாரம் தெரியாது.”

“ஒரு ஆள் மேல தப்பா கைகாட்டுனதுலதான் இது தொடங்குச்சு, காளியம்மா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். ஆனா ஒருத்தர் கேட்டு வைக்கணும், இல்லியா? அதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன்.”

பால் ஸ்டோர் வாசலில் பிரமிளா கார் சாவியோடு நின்றாள். நாலு மணி பத்து நிமிடம். உள்ளே ஏழாம் தொட்டிக்குப் பக்கத்தில் சன்னாசி. போவதற்கு முன் கடைசியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“யாரு சார்?” என்றாள் பிரமிளா.

“நான்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் மருந்தைப் பற்றிச் சொன்னார். மாட்டைப் பற்றி, சாணியைப் பற்றி, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைப் பற்றிச் சொன்னார். ராமையாவைப் பிடித்துக் கொடுத்தது யார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது தண்ணீர் தெளிக்கும் சத்தம் நின்றது.

“ராமையா அண்ணனுக்கு இதுல ஒரு தப்பும் இல்ல. நான் கொடுத்தேன், அவரு ஊத்துனாரு. ரிப்போர்ட் கொடுக்கணும்னா என் பேர்ல கொடுங்க. எழுத்து மூலமா தாரேன்.”

பிரமிளா சாவியை விரலில் சுற்றினாள், நிறுத்தினாள், மறுபடி சுற்றினாள். “அப்போ ஏழாவது தொட்டி எப்படி?”

“அதுல சாணி இல்ல.”

“ஏன் இல்ல?”

“அது அவரு விஷயம். அவரு சொன்னா கேளுங்க. சொல்லலைன்னா விட்டுருங்க.”

அவள் சன்னாசியை நோக்கித் திரும்பினாள். எல்லார் முன்னாலும் விஷம் வைத்தீர்களா என்று கேட்ட அதே இடம். அன்று கேட்பது சுலபமாக இருந்தது.

“அண்ணே...” என்றாள். அதற்கு மேல் போகவில்லை.

சன்னாசி தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, உயிருள்ள புழுக்களை உரத்தோடு சேர்த்து அள்ளி ஒரு வாளியில் போட்டார். மறுபடி அள்ளினார். அடுத்து ஒரு வாளி. பாதித் தொட்டி காலியாகும்வரை அள்ளி, ஆறு வாளிகளை வரிசையாக வைத்தார்.

“இதை வச்சு மறுபடி தொடங்கலாம்,” என்றார் பிரமிளாவின் பக்கம் பார்க்காமல். “மூணு மாசத்துல பெருகிரும். நாளைக்கு நான் வாரேனா இல்லியான்னு நாளைக்குச் சொல்றேன்.”

திருக்குமரன் முன்னால் வந்து ஒரு வாளியின் கைப்பிடியைப் பிடித்தார்.

“நீங்க தொடாதீங்க சார்.”

சத்தமில்லாத குரல்தான். திருக்குமரன் கையை எடுத்துக்கொண்டார். போய்விடலாம் என்று திரும்பினார். அதற்குள் சன்னாசி சுவரோரம் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

“உயிரோட இருக்கிறதை நான் பாத்துக்கிறேன்,” என்றார். “செத்ததை நீங்க அள்ளுங்க.”

திருக்குமரன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு முதல் தொட்டிக்கு நடந்தார். காளியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று தேடப் போனாள்.